பூஜையில் வைத்த துப்பாக்கி

1

சங்கரன்கோவிலுக்கு நான் வாழ வந்து இந்த சரஸ்வதி பூஜையோடு மூன்று வருஷம் நிறைந்தது. மலாயாவின் கெடாவில் இருக்கும் தோழிகள், "நீ கொடுத்து வைத்தவள். காட்டுக்காரர்கள் பயம் இல்லை, ஊரடங்கு இல்லை, கோமதியம்மன் காலடியில் நிம்மதியாக இருக்கிறாய்" என்று எழுதும்போதெல்லாம் பதில் எழுதச் சற்றுத் தயங்குவேன். நிம்மதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் நிம்மதியாக இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளை. என் வீட்டுக்காரர் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார். சொந்த ஊர் சங்கரன்கோவில். கல்யாணமாகி, கோமதி பிறந்து, அவள் தவழத் தொடங்கிய சமயத்தில் காட்டுப் பக்கம் கம்யூனிஸ்டுகளின் வெடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. "போதும், ஊரோடு வந்து சேருங்கள்" என்று மாமனார் எழுதிவிட்டார். கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் மாறி மாறி இங்கே வந்து சேர்ந்தோம். இப்போது இவர் ரத வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மாமாவுக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் வயல்.

வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவள் நான். வந்து சேர்ந்த குடும்பத்தில் என்ன இருந்தது தெரியுமா? துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. மலாயாவில் இருக்கும் உங்களில் பலருடைய வீட்டில் இப்போது காவலுக்கென்று சர்க்கார் கொடுத்த துப்பாக்கி ஒன்று இருக்கும் என்பதால் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதாகிவிடுமோ என்று பயம். கடைசியில் அத்தையிடமே கேட்டேன். "நம்ம பேரப் போடாம எழுதுட்டி. ஆனா நான் போட்ட சுண்டல் நல்லாருந்துதுன்னு எழுதணும்" என்றார்கள். நன்றாகவே இருந்தது. சுண்டலுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

2

இந்த ஊர்க்காரர்களுக்கு மலாயா முழுவதும் பினாங்குதான். கெடா என்றால் யாருக்கும் புரிவதில்லை. "பினாங்குக்காரி வாரா", "பினாங்குக்காரி தண்ணி எடுக்கா" என்றே பேச்சு. முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது யாராவது என் சொந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கத் தாமதமாகிறது.

வந்த புதிதில் ஜவுளிக்கடை முதலாளியைப் பழக்க தோஷத்தில் "தவுக்கே" என்று கூப்பிட்டுவிட்டேன். நம் பக்கம் முதலாளியை அப்படி அழைப்பது மரியாதை. இங்கே அவர் காதில் 'தவக்களை' என்று விழுந்திருக்கிறது. அவர் கழுத்தும் கொஞ்சம் பருமன். அத்தை நேரில் போய்ச் சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று. இன்றுவரை அந்தக் கடையில் நான் வாயைத் திறப்பதில்லை; துணியைக் கையால் காட்டுவதோடு சரி.

கோமதிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவளுக்கு நான்கு வயதாகிறது. தெருவோடு கலந்துவிட்டாள். "கோமதி, சாப்பிட வா" என்று நான் கூப்பிட்டால், "பொறுட்டி, வாரேன்" என்கிறாள். பெற்ற தாயை 'ஏட்டி' போட்டுப் பேசுகிறாளே என்று நான் கண்டித்தால், அத்தையும் மாமாவும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவளைத் தொட்டிலில் போட்டு நான் பாடிய மலாய்ப் பாட்டுகளில் ஒரு வரிகூட அவளுக்கு ஞாபகமில்லை. ஒருநாள் என்னைப் பார்த்து, "எம்மா, ஒங்க ஊர் எங்கன இருக்கு? குருவிகுளத்துக்கு அங்கிட்டா?" என்று கேட்டாள். ஆமாம், அங்கிட்டுத்தான், கொஞ்சம் தள்ளி என்றேன். வேறென்ன சொல்ல?

3

இந்த ஆவணி மாதம் பின்தெருவில் ஒரு வீட்டில் கன்னம் வைத்துவிட்டார்கள். கன்னம் வைப்பது என்றால் சுவரைத் துளைத்து உள்ளே புகுவது. நம் தோட்டத்துப் பலகை வீடுகளில் இந்தக் கலைக்கு இடமில்லை. இங்கே மண்சுவர், கம்பியை வைத்துத் தோண்டினால் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிடும்.

அது எண்ணெய்க்கடைக்காரர் வீடு. அவர் மனைவி பொன்னம்மாள், என் அத்தைக்கு நெருங்கிய சிநேகிதி. குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போய்ப் பட்டப்பகலில் திரும்பி வந்து பார்த்தால், அடுப்படிச் சுவரில் ஓட்டை. பித்தளைப் பாத்திரங்கள் போயின, ஒரு பட்டுப்புடவை போயிற்று. போனதைப் பற்றி அவர்கள் அழுதது கொஞ்சம்தான். உள்ளே வந்தவன் பானையிலிருந்த பழையசோற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தான். அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

"சோத்தத் தின்னுருக்கான் மயினி, மோரக் குடிச்சிருக்கான். பக்கத்துலயே ஊறுகாப் பரணி இருக்கு. தொட்டுக்கூடப் பாக்கல! அம்புட்டு மோசமாவா இருக்கு என் ஊறுகா?"

"திருடனுக்கு உப்பு ஆகாது பொன்னம்மா. உப்பத் தின்னா உண்ட வீட்டுக்குத் துரோகம்லா" என்று அத்தை தேற்றினார்கள்.

"அப்ப மோர்ல உப்பு இல்லங்கியளா?"

ஊர் முழுக்கப் பாதுகாப்பைப் பற்றித்தான் பேச்சு. வாசலில் மிளகாய்ப்பொடி தூவு என்றார் ஒருவர். நாய் வளர் என்றார் இன்னொருவர். கதவுக்குப் பின்னால் பித்தளைக் குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வை, தள்ளினால் சத்தத்தில் ஊரே விழிக்கும் என்று பொன்னம்மாள் சொன்னார்கள். குடங்கள் எல்லாம் போனபிறகு அவர்களுக்கு வந்த யோசனை அது. நான் எதையும் நம்பிவிடுகிறவள். புழக்கடைக் கதவுக்குப் பின்னால் கோபுரம்போல அடுக்கினேன். விடிந்ததும் மாமா வயலுக்குப் போகக் கதவைத் திறந்தார். மேல் குடம் அவர் தோளில், அடுத்தது காலில். தெருவே திரண்டு வந்துவிட்டது. கையில் உலக்கையோடு வந்த எதிர்வீட்டுப் பெரியவர், "வே, ஒம்ம வீட்டுக்குள்ள நீரே கன்னம் வச்சீரா?" என்று கேட்டதை மாமாவால் மறக்கவே முடியவில்லை.

அன்று சாயங்காலமே வயல்வீட்டிலிருந்த துப்பாக்கியை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்.

"குடம் அடுக்கித் திருடனப் பிடிக்க வேண்டாம் தாயி. இனி இது பாத்துக்கிடும்" என்றார் என்னிடம்.

4

அது ஒற்றைக்குழல் துப்பாக்கி. மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகளை விரட்ட வாங்கியது. மாமா பன்றியைச் சுட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. வானத்தைப் பார்த்துச் சுடுவார், பன்றி ஓடிவிடும். லைசென்சைப் புதுப்பிப்பதுதான் வேட்டையைவிடப் பெரிய வேலை. ஒரு மேசையில் கையெழுத்து வாங்கினால் அடுத்த மேசைக்காரர் லீவில் இருப்பார். போன வருஷம் தேர்தல் வருகிறதென்று லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். தேர்தல் முடிந்து, ஜெயித்தவர்கள் மாலை வாங்கி, அந்த மாலை வாடி உதிர்ந்த பிறகுதான் மாமாவின் துப்பாக்கி வீடு திரும்பியது. "ஓட்டுப் போட்டது நான். எண்ணி முடிச்சு இது வர இம்புட்டு நாளா?" என்று அலுத்துக்கொண்டார்.

அதுவரை அந்தத் துப்பாக்கி வயல்வீட்டில் இருந்தது, இல்லையென்றால் சர்க்கார் வசம் இருந்தது. எனக்கும் அதற்கும் பழக்கமில்லை. இப்போது கூடத்தில், மாமாவின் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. உள்ளே தோட்டா போட்டபடி.

நம் தோட்டத்தில் என் அப்பா துப்பாக்கி வைத்திருந்த விதத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். படுக்கையறை விட்டத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார். அந்தச் சாவி அப்பாவிடம். தோட்டாக்கள் அம்மாவின் அலமாரியில்; அந்தச் சாவி அம்மாவின் இடுப்பில். இரண்டு பேரும் மனம் ஒத்தால்தான் எங்கள் வீட்டில் துப்பாக்கி வெடிக்கும் என்று துரைமார்கூடக் கேலி செய்வார்கள். வாரம் ஒருமுறை அப்பா அதை மடக்கித் துடைக்கும்போது விளக்குப் பிடித்தவள் நான்தான். எந்த நெம்புகோலை அழுத்தினால் குழல் மடங்கும், எப்படித் தோட்டாவை உருவுவது, மூடினாலே விசை ஏறிச் சுடத் தயாராக நிற்கும் ரகம் எது (மாமாவுடையது அந்த ரகம்தான்) என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதை இங்கே ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. மருமகளுக்குச் சாம்பாரில் உப்பு நிதானம் தெரியவில்லை, துப்பாக்கி மட்டும் தெரிகிறது என்று பேசுவார்களோ என்ற எண்ணம்தான்.

இவரிடம் சொல்லிப் பார்த்தேன். "குழந்தை இருக்கிற வீடு. தோட்டாவை எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லுங்களேன்."

"எங்கப்பாகிட்டத் துப்பாக்கியப் பத்திப் பேசுறதும், கோயில் யானைக்குக் குளிக்கச் சொல்லிக்குடுக்கதும் ஒண்ணு" என்றார். "நம்ம மேலதான் தண்ணி அடிக்கும்."

அத்தையிடம் போனேன். அவர்கள் நியாயஸ்தர். கூடத்துக்கு வந்து ஆணியை அண்ணாந்து பார்த்தார்கள். கோமதியைக் கூப்பிட்டுக் கட்டில்மேல் ஏற்றி நிறுத்தி, கையைத் தூக்கச் சொன்னார்கள். அவள் எம்பிக் குதித்தும் துப்பாக்கிக்கு ஒரு முழம் கீழேயே கை நின்றுவிட்டது.

"எட்டுதா?"

"எட்டலை அத்தே."

"பின்ன என்னட்டி? தோட்டா இல்லாத துப்பாக்கி உலக்கைக்குச் சமம்னு ஒங்க மாமா சொல்லுதாவ. உலக்கதான் வேணும்னா அடுப்படியில ரெண்டு கெடக்கே."

உண்மையில் எட்டவில்லைதானே? ஒருவேளை நான்தான் அநாவசியமாகப் பயப்படுகிறேனோ? கெடாவின் பயத்தைப் பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டேனோ? திருடன் நிஜமாகவே வந்துவிட்டால் 'இந்தப் பினாங்குக்காரி பேச்சைக் கேட்டுத் தோட்டாவை எடுத்தோமே' என்று சொல்லமாட்டார்களா? பகலெல்லாம் இப்படி இரண்டு பக்கமும் வாதாடிவிட்டு, படுக்கும்போது கோமதியின் பாயைக் கூடத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றினேன்.

5

இங்கே சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒன்றாக நடக்கும். பூஜையறையில் புத்தகங்களை அடுக்கி, அரிவாள், மண்வெட்டி, இவருடைய மருந்துத் தராசு, என் தையல் கத்தரி எல்லாவற்றையும் மணைப்பலகைமேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் பூச்சூட்டுவார்கள். அப்படி வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை செய்து 'ஏடு பிரிக்கும்' வரை எதையும் தொடக்கூடாது. நம் தோட்டத்துக் கோயிலிலும் உண்டுதான். ஆனால் அங்கே வெட்டுக்கத்தியைத் தொடாவிட்டால் விடிகாலையில் ரப்பர் மரத்துப் பால்வெட்டு என்னாவது? துரை விடமாட்டார், மாலையிலேயே எடுத்துவிடுவோம். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

மாமா குளித்து, விபூதி பூசி, ஆணியிலிருந்து துப்பாக்கியை இறக்கிக்கொண்டு வந்தார். மணைப்பலகையில் தரையோடு தரையாகக் கிடத்தினார். குழல்வாய் வாசலைப் பார்த்தபடி இருந்தது. திருடன் வருகிற திசையாம்.

பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "மாமா, பூஜைக்கு மட்டும் தோட்டாவை எடுத்துட்டு வைக்கலாமா?"

கோபிக்கவில்லை. நிதானமாகவே கேட்டார். "தாயி, பூசைக்கு வெறுங்குடம் வைப்பமா?"

"வைக்க மாட்டோம் மாமா."

"அந்தா இருக்கே நாழி, அத வெறும் நாழியா வைப்பமா?"

விளக்குக்குப் பக்கத்தில் பித்தளைப் படி நிறைய நெல் கும்பாரமாக இருந்தது. நிறைநாழி இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு சுபகாரியமும் கிடையாது. "மாட்டோம் மாமா" என்றேன்.

"அப்பம் வெறுந்துப்பாக்கிய மட்டும் எப்படி வைக்க? நெறஞ்சது நெறஞ்சபடி இருக்கணும். அதான் லட்சணம்."

அவர் சொன்னதில் ஒரு அழகு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அத்தை ஒரு செவ்வந்தி மாலையை எடுத்துத் துப்பாக்கிக்குச் சுற்றினார்கள். மாலை நழுவாமல் இருக்க, விசை இருக்கும் வளையத்துக்குள் நாரை நுழைத்து இழுத்து முடிச்சுப் போட்டார்கள். குடத்தின் கழுத்தில் கட்டுவதுபோல அவ்வளவு லாவகமாக.

பூஜை முடிந்தது. மாமா வயலில் தண்ணீர் முறை என்று வாசுதேவநல்லூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். இவர் கடைப் பூஜைக்குப் போய்விட்டார். வீட்டில் அத்தை, நான், கோமதி.

முதலில் பூஜையறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அத்தை திறந்துவிட்டார்கள். "வெளக்கு எரியுதப்ப கதவ அடைக்கப்பிடாதுட்டி." சரி என்று அந்த அறையின் வாசற்படியிலேயே, குழல்வாய்க்கு நேரே படாமல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். சும்மா உட்கார்ந்தால் கேட்பார்களே. தெரிந்த பாட்டையெல்லாம் முணுமுணுத்தேன். பாட்டுத் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். சுண்டல் வாங்க வந்த பெண்களிடமெல்லாம் அத்தை பெருமையோடு சொன்னார்கள்: "பாருங்க, காலையிலருந்து எந்திரிக்கல. கப்பல்ல வந்தவ, ஆனா இந்தப் பக்தி இங்கன உள்ளவளுக்கு இல்ல." நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரஸ்வதி மன்னிக்கட்டும், என் கண் அவள் படத்தின்மேல் இல்லை.

மத்தியானம் சாய்ந்த நேரம். கோமதி முற்றத்தில் பொரிகடலைக் கிண்ணத்தோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பொன்னம்மாள் வந்திருந்தார்கள், ஊறுகாய்க் கதையை அத்தையிடம் மறுபடியும் தொடங்கியிருந்தார்கள். அடுப்படியில் பால் பொங்கித் தீய்ந்த வாடை வந்தது. ஓடினேன். பாத்திரத்தை இறக்கினேன். அடுப்பில் வழிந்ததைத் துடைத்தேன். அவ்வளவுதான். திரும்பி வந்தேன்.

கோமதி பூஜையறைக்குள் இருந்தாள்.

துப்பாக்கிக்கு முன்னால் குந்தியிருந்தாள். முகம் குழல்வாய்க்கு நேராக, மிகக் கிட்டத்தில். வலது கையால் பொரியையும் சுண்டலையும் அள்ளி அதற்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையில் செவ்வந்தி மாலையின் நுனி. தன் கழுத்தில் போட்டுக்கொள்ள இழுத்திருக்கிறாள், வரவில்லை, பிடித்தபடியே இருந்தாள். நார் விசைமேல் விறைத்து நின்றது.

"சாமி, தின்னு. இன்னொரு வாய். அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு ஊட்டும்போது சொல்கிற அதே வார்த்தைகள்.

எனக்குக் கத்தத் தோன்றியது. கத்தினால் திடுக்கிட்டு இழுத்துவிடுவாள். பாய்ந்து தூக்கலாமா? தூக்கினால் மாலையும் சேர்ந்து வரும். கால் அசையவில்லை. வாழ்க்கை முழுவதும் இதுவா அதுவா என்று யோசித்தே பழகிய எனக்கு, யோசிக்கக்கூடாத அந்த நேரத்திலும் யோசனைதான் வந்தது.

என் பின்னால் அத்தை வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. குரல்தான் கேட்டது. சாதாரணமாக, கொஞ்சம் கோபித்துக்கொண்ட மாதிரி.

"ஏட்டி கோமதி, கை கழுவாமயா சாமிக்கு ஊட்டுத?"

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள்.

"எச்சிக் கை மக்கா. சாமிக்கு ஆகாது. ரெண்டு கையையும் காட்டு பாப்பம்."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மாலை நுனி தரையில் விழுந்தது.

"வா, கழுவிட்டு வந்து ஊட்டுவோம்."

எழுந்து ஓடி வந்தாள். அத்தை அவளை வாரித் தூக்கிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதன்பிறகு எனக்குக் கால் வந்தது. உள்ளே போய், பக்கவாட்டில் மண்டியிட்டு, ஒரு கையால் விசை வளையத்தை அணைத்துப் பிடித்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தேன். குழல்வாயைப் புறச்சுவர்ப் பக்கம் திருப்பினேன். நெம்புகோலை அழுத்தி மடக்கினேன். தோட்டா என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சந்தனம் ஒட்டியிருந்தது.

திரும்பினால், அத்தையும் அவர்களுக்குப் பின்னால் பொன்னம்மாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்கு இதெல்லாம் தெரியுமாட்டி?"

"எங்க அப்பா வச்சிருந்தாங்க அத்தே." பிறகுதான் எனக்கு உறைத்தது. "ஏடு பிரிக்க முன்னாடி தொட்டுட்டேனே அத்தே!"

அத்தை கோமதியின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்தியிருந்தார்கள். "சரஸ்வதி படிச்சவதான? அவளுக்கு வெவரம் தெரியும். நீ மொதல்ல அந்தச் சவத்த வெளிய கொண்டுபோ" என்றார்கள்.

6

சாயங்காலம் மாமா வந்தார். கூடத்துக் கட்டிலில் துப்பாக்கி மடங்கிக் கிடந்தது. பக்கத்தில் தோட்டா. முகம் கறுத்துவிட்டது.

"பூசையிலருந்து எடுத்தது யாரு?"

நான் எழுந்து நின்றேன். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை, "நான்தான் எடுக்கச் சொன்னேன். மொதல்ல கொழலச் சுத்தம் பண்ணும். பொறவு கோவிக்கலாம்" என்றார்கள். இருபுறமும் திறந்திருந்த குழலை மாமா விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. துடைக்கும் கம்பியைப் பின்பக்கம் விட்டு அழுத்தினார். முதலில் பொரி வந்தது. பிறகு சுண்டல், கெட்டியாக அடைத்து, உருண்டையாக. கட்டிலின்மேல் ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது. ஓரத்தில் ஒரு செவ்வந்தி இதழ். இப்படி அடைத்துக்கொண்ட குழலில் வெடித்தால் துப்பாக்கியே பிளந்துவிடும், சுடுகிறவர் முகமே மிஞ்சாது என்பது மாமாவுக்குத் தெரியாததல்ல. அன்றிரவு திருடன் வந்து அவர் அதை எடுத்திருந்தால்?

அவர் அந்தக் குவியலை விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு கோமதியைக் கூப்பிட்டார்.

"இம்புட்டையும் நீயா ஊட்டுன?"

"ஆமா தாத்தா. அது வாய மூடவே இல்ல."

மாமா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் புழக்கடைக்குப் போனார். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. காலையில் குளித்தவர்தான். திரும்பி வரும்போது தலை நனைந்திருந்தது. மறுநாள் மறுபூஜையில் துப்பாக்கி மடங்கிய வாக்கிலேயே இருந்தது. இவர் மெதுவாக, "வெறுந்துப்பாக்கியாப்பா?" என்று கேட்டார்; கேட்டிருக்கவேண்டாம். அத்தைதான் பதில் சொன்னார்கள்: "வீட்டுக்கு ஒரு நெறை போதும்லே. நாழி நெறஞ்சிருக்கு, கண்ணுக்குத் தெரியலையா?"

அதற்கடுத்த நாள் தச்சர் வந்தார். கூடத்துச் சுவரில், மாமாவின் தலைக்கு மேலே, கனமான பலகைப் பெட்டி ஒன்றை அறைந்தார். துப்பாக்கி அதற்குள் போயிற்று; பூட்டுச் சாவி மாமாவின் அரைஞாணில். தோட்டாக்களை அவரே கொண்டுவந்து அத்தையின் மரப்பெட்டியில் வைத்தார். அந்தச் சாவியை அத்தை என்னிடம் நீட்டினார்கள். எனக்குத் தயக்கம். "நீங்க வச்சுக்கங்க அத்தே" என்றேன். "நான் மறதிக்காரி. நீ பயந்தாங்கொள்ளி. பயந்தவ கையிலதான் இது இருக்கணும்" என்றார்கள். பாராட்டா, கேலியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திருடர் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. வாடைக்காற்றில் புழக்கடைக் கதவு ஆடினால் விழித்துக்கொள்கிறேன். அவசரத்துக்குத் துப்பாக்கி உதவாதே என்ற எண்ணமும் வராமல் இல்லை. அதற்காக அடுப்படிச் சுவருக்கு அடியில் கல் பாவ ஏற்பாடு செய்திருக்கிறோம். கல்லைத் துளைக்க நேரமாகும் என்கிறார் கொத்தனார். தோழிகளே, உங்கள் வீட்டில் துப்பாக்கி எந்த மூலையில் இருக்கிறது, தோட்டா எங்கே இருக்கிறது என்று இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் ஒருமுறை பாருங்கள். உயரத்தில்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உயரத்தில் இருப்பதை நாமே ஒருநாள் கீழே இறக்கி வைப்போம், அதுவும் நல்ல காரியத்துக்காக.

நேற்று பொன்னம்மாள் வந்திருந்தார்கள். பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ஏன் மயினி, துப்பாக்கி ஒரு பூட்டுல, தோட்டா ஒரு பூட்டுல. கள்ளன் வந்தா என்ன சொல்லுவிய? 'செத்த நில்லுய்யா, ரெண்டு சாவி தேடணும்'னா?"

"ஆமா, அப்படித்தான் சொல்லுவேன்" என்றார்கள் அத்தை. "நிக்க நேரமில்லைன்னா எடுக்கத எடுத்துட்டுப் போட்டும். சுண்டல் கெடக்கு, தின்னுட்டே போட்டும். உப்பு சரியாப் போட்டிருக்கேன்."

பொன்னம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சிரித்தேன். கோமதி தெருவுக்கு ஓட எழுந்தாள், நகர முடியவில்லை. அத்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் பாவாடையின் நுனி மட்டும் அவர்கள் கைக்குள் இறுகியிருந்தது.

"விடு ஆச்சி" என்றாள் கோமதி.

"பொறுட்டி" என்றார்கள் அத்தை.